மீன் கூடையில் வந்த இடது கால்

காலடிப்பேட்டையில் இன்று நிற்கிற எங்கள் மாடி வீடு நான் கட்டியது. திருவொற்றியூர் ஹை ரோட்டில் இருக்கிற லேத் பட்டறை நான் போட்டது. முதல் மெஷினை மாட்டு வண்டியில் ஏற்றி, வழியில் அச்சு முறிந்து, மிச்சத் தூரத்துக்கு உருளைக் கட்டை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தோம். 'இவன் எங்கே பட்டறை போடப்போகிறான்' என்று சிரித்தவர்களின் பிள்ளைகள் பிறகு என்னிடமே வேலைக்கு வந்தார்கள். எங்கள் தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது நான் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கியதால்தான். என் பெண்கள் மூவரையும் படிக்க வைத்தேன். இத்தனைக்கும் நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரை. இங்கிலீஷ் எழுத்தை அடையாளம் கண்டுகொண்டதே சாக்கு மூட்டைகளின் மேல் அடித்திருந்த முத்திரைகளைப் பார்த்துத்தான். இதை எழுதக்கூட என் பேத்தி எழுத்துப்பிழை திருத்திக் கொடுக்கிறாள். வார்த்தை என்னுடையது.

இதெல்லாம் நான் தூக்கி நிறுத்தியவை. ஆனால் என் ஆயுளில் நான் தூக்கிய பெரிய சுமை எது என்று கேட்டால், வீடு இல்லை, மெஷின் இல்லை. ஒரு மீன் கூடை.

அறுபதுகளின் கடைசி அது. பட்டறையெல்லாம் அப்போது கனவில்கூட வரவில்லை. ராயபுரத்தில் ஒரு தனியார் இரும்பு யார்டில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு ஜோடி இருந்தான். ஜோடி என்றால் என்ன என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. கனமான இரும்பைக் கயிற்றில் கட்டி, நடுவில் ஒரு தண்டைக் கொடுத்து, முன்னால் ஒருவன் பின்னால் ஒருவன் தோளில் வைத்துத் தூக்குவோம். இரண்டு பேரும் ஒரே உயரம் இருக்க வேண்டும். ஒரே காலை எடுத்து வைக்க வேண்டும். மாற்றி வைத்தால் சுமை ஆடும், ஆடினால் தோள்பட்டை விட்டுவிடும். அவன் முன்னால் போவான். அவனுடைய இடது கால் தரையில் படுகிற சத்தத்தோடேயே என் இடது காலும் தானாகப் படும். வருஷக் கணக்கில் அப்படி நடந்து நடந்து, தண்டு தோளில் ஏறிவிட்டால் எது என் கால், எது அவன் கால் என்ற நினைப்பே இருக்காது.

அவன் மாதா கோயில்காரன். நான் திருவொற்றியூர் ஈஸ்வரனைக் கும்பிடுகிறவன். வேலை முடிந்து டீ குடிக்கும்போது எந்தச் சாமி பெரிய சாமி என்று சண்டை போடுவோம். டீக்கு யார் கொடுப்பது என்று வரும்போது இரண்டு சாமியும் காணாமல் போய்விடும்.

ஒரு நாள் காலையில் இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்றை இறக்கும்போது கயிறு அறுந்தது. கட்டு அவன் பக்கமாகச் சரிந்தது. என் மேல் ஒரு கீறல் இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். உயிர் வேண்டுமென்றால் காலை எடுக்க வேண்டும் என்றார்கள். முழங்காலுக்கு மேலே, இடது காலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் உச்சி வேளையில் அவனுக்கு நல்ல நினைவு வந்தது. அவன் மனைவி தலைமாட்டில் ஜெபமாலையோடு நின்றிருந்தாள். கையில் கஞ்சி டம்ளர். அவன் வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்ததும்தான் பேசினான்.

"மாமு, என் காலு எங்க கீது?"

"போனது போவட்டும்டா. உசுரு கீது இல்ல?"

"உசுரு கீது, சரி. காலு எங்க கீதுன்னு கேட்டேன்."

நான் கோயில் மண்டபத்தில் கதாகாலட்சேபம் கேட்டு வளர்ந்தவன். தெரிந்ததை எடுத்து விட்டேன். "ஒடம்பு இன்னாடா, சட்ட மாதிரி. உள்ள கீற ஆத்மாவுக்கு வெட்டும் கெடையாது, சாவும் கெடையாது. சட்ட கிழிஞ்சா கழட்டிப் போட்டுட்டு போய்க்கினே இருக்கணும்."

உதடு காய்ந்து வெடித்திருந்தது அவனுக்கு. அப்படியும் என்னை விடவில்லை. "கழட்டின சட்டைய நீ ரோட்லயா வீசுவ? மடிச்சி வெக்க மாட்ட?"

 

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான். கஞ்சியும் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அவன் மனைவி என்னை வராந்தாவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. முந்தின வருஷம் காய்ச்சலில் போய்விட்டது. அதைப் புதைக்கும்போது நானும் கூட நின்றேன்.

"அண்ணாத்த, பாப்பா யாராண்டயும் தூங்காது. உங்களுக்கே தெரியும். இவுரு வேலை வுட்டு வந்து, குப்புறப் படுத்துக்கினு காலை நீட்டினா, அந்த எடது கெண்டக்கால் மேல கவுந்து படுத்துக்கும். ரெண்டு கையாலயும் கால கட்டிக்கினு தூங்கும். அது தூங்கி எழற வரைக்கும் இவுரு காலை அசைக்க மாட்டாரு, மரத்துப் போனாலும். ராத்திரி பூரா அரை நெனப்புல இன்னா சொன்னாருன்னா, பாப்பா கல்லறையில தனியா கீது, அந்தக் காலாச்சும் அது பக்கத்துல போவட்டும்னு சொல்லிக்கினே இருந்தாரு. காத்தால மாதா கோயில் சாமியாராண்ட கேட்டாச்சு. கொண்டாங்க, மந்திரிச்சுப் பொதைக்கலாம்னுட்டாரு. என் தம்பி சவப்பெட்டி வாங்கப் போவணும், காலைக் கொண்டார ஆளு இல்ல."

"ஆளு இல்லன்னு யார் சொன்னது? நான் இன்னா செத்தா பூட்டேன்?" என்றேன்.

அவர்களுடைய நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கடைசி நாளில் செத்தவர்கள் எல்லாரும் சொந்த உடம்போடு எழுந்து நிற்பார்களாம். அதனால் பிரிந்துபோன அங்கத்தைக்கூட அவர்களில் பலர் குப்பையில் போட விடமாட்டார்கள். நாங்கள் எரிக்கிறவர்கள். எங்கள் அப்பாவை எரித்துச் சாம்பலைக் கடலில் கரைத்தவன் நான். எனக்கு அது புரியவில்லை. ஆனால் குழந்தை கால்மேல் தூங்குவது புரிந்தது.

ஆஸ்பத்திரிப் பின்கட்டில் இருந்த ஊழியர் முதலில் என்னை நம்பவில்லை. "கையும் காலுமா எத்தினியோ பேரு வுட்டுட்டுப் போறாங்க. திருப்பிக் கேட்டு வந்த மொத ஆளு நீதான்" என்றார். சாயங்காலத்துக்குள் எரிக்கப் போய்விடும், அதற்கு முன் டாக்டரிடம் கேட்டு வா என்றார். டாக்டர், "எடுத்துட்டுப் போப்பா, பத்திரம்" என்று மட்டும் சொன்னார்.

சித்திரை வெயில். எதில் கொண்டுபோவது? வேறு ஊராக இருந்தால் வேறு யோசனை வந்திருக்கும். ராயபுரத்துக்காரனுக்குக் கெடக் கூடாத பொருள் என்றாலே ஒரே யோசனைதான். கடற்கரைக்கு ஓடி ஒரு மீன் கூடையும் உடைத்த ஐஸும் வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் மனைவி வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த அவனுடைய கட்டம் போட்ட லுங்கியைக் கொடுத்தாள். "வெள்ளத் துணி வேணாம் அண்ணாத்த. இதுல சுத்துங்க. அவுரு வாசன கீது" என்றாள். சுற்றினேன். ஐஸுக்கு நடுவில் வைத்தேன். மேலே பனையோலையை மூடினேன். பெட்டி வாங்கிக்கொண்டு கல்லறைக்கு வந்துவிடுவதாக அவளுடைய தம்பி முன்னாலேயே போய்விட்டான்.

ஒரு கைரிக்‌ஷாக்காரரைக் கூப்பிட்டேன். கூடையில் என்ன என்று கேட்டார். பொய் சொல்லத் தெரியாமல் உண்மையைச் சொன்னேன். ரிக்‌ஷாவை இழுத்துக்கொண்டு அவர் ஓடிய ஓட்டத்தில் ஆள் ஏறியிருந்தால் விழுந்திருப்பான். வேறு வழி இல்லை, தலைச்சுமைதான்.

அங்கேதான் எனக்கு ஒரு தயக்கம் வந்தது. நான் யார் காலிலும் விழாதவன். மேஸ்திரி காலிலும் விழவில்லை, முதலாளி காலிலும் விழவில்லை. அதனால் இழந்த வேலைகள் உண்டு, அதைப் பெருமையாகவே சொல்லித் திரிந்தேன். அப்படிப்பட்டவன் இன்னொருத்தன் காலைத் தலைமேல் வைத்துக்கொண்டு ஊர்நடுவில் நடப்பதா? துண்டைச் சும்மாடாகச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு, இந்தக் கால் எடுத்து வைத்த பிறகுதானே என் கால் எடுத்து வைத்தது என்று தோன்றியது. சும்மாட்டை வைத்தேன். கூடையை ஏற்றினேன்.

மூட்டை தூக்கியவனுக்குத் தலையில் வைத்ததும் எடை தெரியும். அது ஒரு சுமையே இல்லை. ஆனால் என் நடை சரியாக வரவில்லை. முன்னால் கால் சத்தம் இல்லை அல்லவா? அது தலைக்கு மேலே போய்விட்டது. எந்தக் காலை முதலில் வைப்பது என்றே தெரியாமல் குழந்தை மாதிரி நடந்தேன். ஐஸ் தண்ணீர் காதோரம் வழிந்தது. எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. அவன் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறான். அவன் கால் என்னோடு வருகிறது. அப்படியென்றால் அவன் எங்கே இருக்கிறான்? காலில் இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் எதிரே மாடு ஒன்று முட்ட வந்தபோது, "பயப்படாதடா, நான் கீறேன்" என்று என் வாய் தானாகச் சொன்னது. யாரிடம் சொன்னேன்?

கல்மண்டபம் சந்தைப் பக்கம் வரும்போது மீன் விற்கிற அம்மா ஒருத்தி குறுக்கே வந்து நின்றாள். இடுப்பில் சொருகிய சேலை, வாய் நிறைய வெற்றிலை.

"யோவ், இன்னா மீனு? வஞ்சரமா?"

"மீனு இல்லமா."

"தலையில ஐஸு ஒழுகுது, மீனு இல்லியாம். எவளுக்கு எடுத்துனு போற? டபாய்க்காம எறக்கு. வெல நான் சொல்றேன்."

"இல்லமா, வுடு."

"அட எறக்குய்யான்றேன். பாத்தா இன்னா தேஞ்சா பூடும்?"

பக்கத்தில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். ஒருத்தன், "சுறாவா கீதுக்கா, அதான் காட்ட மாட்டேன்றாரு" என்றான். அவள் எட்டிக் கூடையைப் பிடித்துவிட்டாள். நான் இரண்டு கையாலும் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "காலும்மா. என் தோஸ்து காலு. ஆஸ்பத்திரில எடுத்துட்டாங்க. அவன் கொயந்த பக்கத்துல பொதைக்க எடுத்துனு போறேன்."

சிரிப்பு நின்றது. அவள் கையை எடுக்கவில்லை. பிடித்த கை அப்படியே கூடையைத் தாங்கிக்கொண்டது. வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஆளு கீறாரா?" என்று கேட்டாள். இருக்கிறான் என்றேன். "அது போதும்" என்றாள். தன் கூடையில் மீனுக்கு அடியில் இருந்த ஐஸை இரண்டு கையாலும் வாரி எடுத்து, ஓலையை விலக்கி, லுங்கியைச் சுற்றிலும் வைத்தாள். அவள் மீன் வெயிலில் கிடந்தது. அதைப் பற்றி அவள் நினைக்கவே இல்லை. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பிறகு எனக்கு முன்னால் நடந்து, "வழி வுடு, வழி வுடு" என்று சந்தையைப் பிளந்துகொண்டு போனாள். திருப்பத்தில் நின்று, "மெல்லமா போ நைனா. ஆட்டாத. நோவும்" என்றாள்.

வெட்டியெடுத்த காலுக்கு நோகும் என்று சொன்னாள். சிரிக்க வேண்டிய பேச்சு. ஆனால் அதற்குப் பிறகு நான் மெதுவாகத்தான் நடந்தேன்.

கல்லறையில் சாமியார் அங்கியோடு காத்திருந்தார். சவப்பெட்டிக் கடையில் செய்து வைத்திருப்பது பெரியவர் அளவு, குழந்தை அளவு இரண்டுதான். தோஸ்து மனைவியின் தம்பி குழந்தைப் பெட்டியை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். கால் அதற்குச் சரியாக இருந்தது. அதைப் பார்த்ததும் அவன் திரும்பி நின்று அழுதான், ஏனென்றால் முந்தின வருஷம் அதே கடையில் அதே மாதிரிப் பெட்டி வாங்கியதும் அவன்தான். குழந்தையின் சிலுவைக்குப் பக்கத்தில் சின்னதாகக் குழி வெட்டியிருந்தார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்து என் தோஸ்தின் பேரைச் சொல்லி ஜெபித்தார். உயிரோடு இருக்கிறவன் பேரைக் குழி ஓரத்தில் கேட்டேன்.

பெட்டியை இறக்கி மூடப் போனார்கள். "இருங்க" என்று சொல்லி நான் குழிக்குள் இறங்கிப் பெட்டியின் மூடியைத் திறந்தேன். கால் மல்லாந்த மாதிரி இருந்தது. அதைத் திருப்பி, கெண்டைச் சதை மேலே பார்க்கிற மாதிரி வைத்தேன். குதிகாலை நேராக்கினேன். லுங்கியை ஒதுக்கி விட்டேன். குழந்தை எந்தப் பக்கம் தலை வைத்திருக்கிறது என்று கேட்டு, அந்தப் பக்கமாகப் பெட்டியை நகர்த்தினேன்.  நான் ஏறுவதற்குச் சாமியார் கை கொடுத்தார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்தபோது அவன் இன்னமும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தான்.

"வெச்சாச்சுடா" என்றேன்.

"எப்டி வெச்ச?"

"குப்புற. கெண்டக்கால் மேல பாத்து. பாப்பா பக்கமா."

கண்ணை மூடிக்கொண்டான். இமையோரத்தில் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. அவன் மனைவி கஞ்சி டம்ளரைக் கிட்டே கொண்டுபோனாள். வாயைத் திறந்தான். பாதி டம்ளர் உள்ளே போனதும், "என் சாவுக்கு மொத ஆளா போய் வந்துட்ட. குளிச்சியா?" என்றான். அவள் அடிக்கக் கையை ஓங்கினாள். விபத்துக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து அவன் முகம் மாறியது. "மாமு, சொன்னா சிரிப்ப."

"சொல்லு."

"கட்ட வெரலு அரிக்குது."

"வலதா?"

"எடது."

நான் சிரிக்கவில்லை. இப்போதுதான் அந்தக் காலை மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருக்கிறேன், என் நகக்கண்ணில் கல்லறை மண் இருக்கிறது. கட்டிலில் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தில், கட்டை விரல் இருந்தால் எங்கே இருக்குமோ அங்கே கையை வைத்துச் சொறிந்தேன். "இன்னும் கீய" என்றான். கீழே இறக்கினேன். "ஆங்... அங்கதான்." அப்படியே தூங்கிப்போனான். நான் கையை எடுக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆத்மா என்று எத்தனையோ பேர் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். அதற்கு முன்னால் நானே பேசிக்கொண்டும் இருந்தேன். அன்றைக்குத்தான் அதன் மேல் கை வைத்துப் பார்த்த மாதிரி இருந்தது. கத்தி வெட்ட முடிந்ததை வெட்டிவிட்டது. மண் மூட முடிந்ததை மூடிவிட்டது. அதற்கும் மேலே ஒன்று அந்தக் கட்டிலில் மிச்சம் இருந்து, எனக்கு அரிக்கிறது என்று சொன்னது. ஆனால் வெறும் சட்டை என்று நான் சொன்னதும் சரியில்லை. ஒரு குழந்தை கட்டிப்பிடித்துத் தூங்கிய சட்டை அது. அதை மடித்து வைக்கத்தான் வேண்டும்.

பிறகு அவன் நெடுநாள் இருந்தான். நான் பட்டறை போட்டதும் முதல் நாற்காலி அவனுக்குத்தான் போட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே பட்டறை முழுவதையும் மேய்த்தான், என்னையும் சேர்த்துத்தான். அவனுடைய ஊன்றுகோலுக்கு இரும்புப் பூண் என் கையால் கடைந்தேன். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அந்தக் கோலை ஊன்றிக்கொண்டு போவான். எல்லாரும் செத்தவர்களுக்கு மெழுகுவத்தி ஏற்றும்போது, இவன் குழந்தைக்கு ஒன்று, தன் காலுக்கு ஒன்று என்று இரண்டு ஏற்றுவான். "பாதி குடித்தனம் மாறியாச்சு மாமு, மீதி சாமான் பின்னால வரும்" என்று சிரிப்பான்.

மீதியும் போய்ச் சேர்ந்தது. அதே இடத்தில்தான் அவனை வைத்தோம். அன்றைக்குக் கோயிலில் பேசிய புதுச் சாமியார், என் தோஸ்து இளம்வயதில் கால் இழந்தவர், அந்தக் காலையும் யாரோ சில நல்லவர்கள் இங்கே கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள் என்று சொன்னார். யாரோ சில நல்லவர்கள்! நான் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எனக்கும் பல் போய்விட்டது. ஒரு கண்ணில் புரை. முழங்கால் மடங்க மாட்டேன் என்கிறது. நான் நான் என்று இத்தனை வருஷம் தட்டிக் காட்டிய மார்பு கூடு மாதிரி ஆகிவிட்டது. நாளைக்கு என்னை எரித்துவிடுவார்கள். ஆத்மாவுக்குப் பேர் கிடையாது, புகழ் தேவை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். அது கேட்காது. ஆனால் அந்த மீன்கார அம்மாவின் ஐஸ் தண்ணீர் வழிந்த இந்தத் தலை கேட்கிறது, குழிக்குள் இறங்கிய இந்தக் கை கேட்கிறது. இதைப் பத்திரிகையில் போடும்போது இடமில்லை என்றால் வீட்டையும் பட்டறையையும் தண்ணீர்க் குழாயையும் வெட்டிவிடுங்கள், இதை மட்டும் வெட்டக் கூடாது: கடைசி நாளில் என் தோஸ்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரண்டு காலோடு எழுந்து நிற்கும்போது, அந்த இடது காலைத் தலையில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தவன் யார் என்று கேட்டால், யாரோ நல்லவர்கள் என்று சொல்லக் கூடாது, என் பேரைச் சொல்ல வேண்டும்.